நெட்டுக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று

புல்லுருவியைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பிய நான், முதல் தடவை தோட்டங்காடெல்லாம் அலைந்து ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தது மாங்கொழுந்து. மாமரத்தில் ஏறி, அதன்மேல் ஒட்டிக்கொண்டு உயிர்வாழ்ந்த புல்லுருவியை விட்டுவிட்டு, மாமரத்தையே பறித்துவிட்டேன். அதைப் பொறுப்பாக நறுக்கி, பாட்டிலில் போட்டு, ஃபார்மலின் கலவை ஊற்றி, லேபிளைத் தலைகீழாக ஒட்டி, ஊறவும் வைத்துவிட்டேன். தாவரவியலில் முதல் வகுப்பில் தேறியவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது.

துறையே சிரித்தது. வாத்தியார்கள் சிரித்தார்கள். அட்டெண்டர் மாரண்ணன், "பாட்டில்ல உப்பும் மொளகாயும் போட்டிருந்தா ஊறுகாயாச்சும் ஆயிருக்குமுங்க" என்றார். என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு போய், கொழுந்துகளை மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் வைத்து, காகிதத்தை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு போட்டு, அதன் ஓரத்தில் என் லேபிளையே அதே தலைகீழாக ஒட்டி, பார்த்துவிட்டு, எல்லோரும் அந்த விஷயத்தை மறந்த பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நெட்டுக்கும் பாத்துட்டேனுங்க, குறுக்கயும் பாத்துட்டேனுங்க. மாமரந்தானுங்க."

"அதுதான் அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சு சிரிச்சாங்களேக்கா."

"சிரிச்சாங்க. யாரும் பாக்கலீங்களே."

அவ்வளவுதான் அக்கா. இதற்கு மேல் நான் எழுதப்போவதிலெல்லாம் இதே விஷயத்தைத்தான் வேறு வேறு பக்கம் வைத்து அறுத்துக் காட்டப்போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். எனக்கு மீசை அப்போதுதான் ஒழுங்காகக் கறுத்திருந்தது. அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, ஆராய்ச்சிக்காக விடுப்பில் வந்திருந்தார். வீடு கணபதியில். வீட்டுக்காரர் அங்கேயே ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஒல்லியான உடம்பு, காட்டன் சேலை, கையில் எப்போதும் பாதி பிளேடு. பென்சில் சீவுவதும் அதில்தான், மெழுகுக் கட்டியைச் செதுக்குவதும் அதில்தான், டிபன் பாக்ஸில் கொய்யாக்காய் நறுக்குவதும் அதில்தான். கொய்யாவையும் பாதியை நெட்டுக்கும் பாதியைக் குறுக்கேயும் நறுக்குவார். கேலி என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. அவர் கை அப்படி.

முதல் நாள் நான் கேட்ட முட்டாள் கேள்வி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் ஊர் கேட்போம், அடுத்து தோட்டம் எந்தப் பக்கம் என்போம், மூன்றாவதாகக் கூட்டம், அதாவது எங்கள் சாதிக்குள் எந்தக் குலம் என்று கேட்போம். கூட்டம் தெரிந்தால்தான் பங்காளியா, மாமன் மச்சானா என்று முடிவு கட்டி அதற்குத் தகுந்த அளவு சிரிக்க முடியும். அக்கா பல்லடத்துப் பக்கம் என்றதும் எனக்கு உற்சாகம். அதுதான் எங்கள் ஊர்ப்பக்கமும்.

"அப்படீங்களா! நீங்க எந்தக் கூட்டமுங்க?"

அக்கா பிளேடைத் துணியில் துடைத்துக்கொண்டே, "மேலால பாத்துச் சொல்ல முடியாதுங்க தம்பி. அறுத்துத்தான் பாக்கோணும்" என்றார்.

நான் பெரிதாகச் சிரித்தேன். சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ் சூலூரைத் தாண்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. சிரித்த வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகொரு நாள், கேட்காமலே, "எங்க அப்பனெல்லாம் உங்களாட்டத் தோட்டங்கள்ல பண்ணையத்துல கூலிக்கு இருந்தவருங்க" என்றார், பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வதைப் போல. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற கோயில் சர்ச் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் வேலையே கூட்டம் கேட்கிற வேலைதான், செடியிடம். இந்தச் செடி யாருக்குப் பங்காளி, யாருக்குத் தூரத்து ஒறம்பரை என்று கண்டுபிடிப்பது. இலையையும் பூவையும் வைத்து வெளிப்பார்வைக்கு முடிவு செய்தவர்கள் நிறையத் தப்புச் செய்திருக்கிறார்கள். முகச்சாயலை வைத்து அண்ணன் தம்பி என்று சொல்வது மாதிரி அது. அதனால் மொட்டுக்குள்ளே, சூலுக்குள்ளே, கரு எப்படி உண்டாகிறது என்று பார்ப்பார்கள். வெளியே வெயிலுக்கும் மழைக்கும் வேஷம் மாற்றுகிற செடி, உள்ளே கருவை உண்டாக்கும் விதத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்றாது.

அதிலும் புல்லுருவிக் குடும்பம் வினோதமானது. மற்றப் பூக்களில் கருப்பை என்கிற நுண்ணிய பை, பூவின் அடியில் சூற்பைக்குள் உட்கார்ந்திருக்கும். மகரந்தம் மேலேயிருந்து குழாய் நீட்டிக்கொண்டு இறங்கி வந்து சேரவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வருகிறவரைக்கும் பெண் உள்ளறையில் இருப்பது போல. புல்லுருவியில் அந்தப் பை எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். பூவின் நடுவே நிற்கும் சூல்தண்டுக்குள் நீண்டு நீண்டு மேலே ஏறும். ஒரே பூவில் பல பைகள் போட்டியாகவும் ஏறும். சில இனங்களில் அடியிலேயே நின்றுவிடும், சிலவற்றில் பாதி, சிலவற்றில் அதற்கும் மேலே. எது எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை வைத்து, யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்லலாம்.

அக்காவின் முறை என்னவென்றால், ஒரு கொத்திலிருந்து ஒரு மொட்டை நெட்டாக அறுப்பார், அதன் கூடப்பிறந்த மொட்டைக் குறுக்கே அறுப்பார். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால்தான் எழுதுவார். நாங்களெல்லாம் நெட்டு வெட்டோடு சரி. அது படம் போல அழகாக இருக்கும், அடியிலிருந்து நுனிவரை ஒரே பார்வையில் தெரியும். குறுக்கு வெட்டு, வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கில் வரும், ஒவ்வொன்றாகக் கூடவே நடந்து போகவேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு அது தண்டனை.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒருமுறை ஆய்வுக்கூடத்து ஆல்கஹால் பாட்டிலில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. மாரண்ணன் குடிக்கிறவர் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே தீர்ப்பும் தயார். பேராசிரியர் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார். மாரண்ணன் வெள்ளைத்தாளும் பேனாவுமாக நின்றார். நான் அக்காவிடம் போய், "பாவம்க்கா, ஆனா அவருதானே?" என்றேன்.

"அது நெட்டு வெட்டுங்க தம்பி. குறுக்க எங்கீங்க?"

அவர் ஒரு புது பாட்டிலில் அதே ஆல்கஹாலை ஊற்றி, பழைய பாட்டிலை நாங்கள் மூடுகிற மாதிரியே மூடி, தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது அதிலும் மட்டம் இறங்கியிருந்தது. நாங்கள் என்று நான் சொன்னது மரியாதைக்கு. தக்கையைச் சரியாக அழுத்தாமல் போகிறவன் நான் ஒருத்தன்தான். மாரண்ணன் அதற்குப் பிறகு எனக்கு டீ கொண்டுவரும்போது பாதி டம்ளர்தான் கொண்டுவருவார். "ஆவியாப் போயிருச்சுங்க" என்பார்.

அக்காவைப் பற்றி எனக்குப் பாசம் இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. நான் காய்ச்சல் என்று சொல்லி மத்தியானக் காட்சிக்குப் போன மறுநாள், நலம் விசாரித்துவிட்டு, அதே மூச்சில் படத்தின் கதையையும் விசாரிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் நம்மை இன்னொரு பக்கம் திருப்பி வைப்பது தெரியும்.

இனி சார். எங்கள் பேராசிரியரை அப்படித்தான் எல்லோரும் சொல்வோம். வெள்ளை முழுக்கைச் சட்டை, கனத்த குரல், அந்த வருஷம் மே மாதத்தோடு ஓய்வு. புல்லுருவி என்றால் அவர்தான் என்று பெயர். நான் அவருடைய செல்லப்பிள்ளை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கல்லூரியே பார்த்த விஷயம். மாடிப்படி இறங்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் இறங்குவார். வேறு யாருக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக இறங்குவேன். பேப்பரை என்னைத்தான் வாசிக்கச் சொல்வார். "உன்ற கொரலு கணீர்னு இருக்குதுடா" என்பார். வராந்தாவில் யாராவது வந்தால், "யார்ரா அது, பாத்துச் சொல்லு" என்பார். என் கூர்மையைச் சோதிக்கிறார் என்று சட்டையின் நிறம் வரைக்கும் சொல்வேன்.

அக்காவிடம் சார் கடுமையாகத்தான் இருந்தார். நான் உள்ளே போனால், "உக்கார்ரா." அக்கா போனால் ஒன்றும் சொல்லமாட்டார். நின்றுகொண்டே பேசிவிட்டு வருவார். அவ்வளவு வருஷத்தில் அக்கா அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சிக்கல் ஆனைகட்டியில் ஆரம்பித்தது. அங்கே ஒரு கடுக்காய் மரத்தில் சின்னதாகப் பச்சைப் பூ பூக்கும் புல்லுருவி ஒன்று இருந்தது. நான்தான் ஏறிப் பறித்தேன். இந்தத் தடவை சரியான செடியைப் பறித்தேன், எறும்பு மட்டும் என்னைப் பறித்தது. அந்தச் செடியை சார் தன் இளவயதில் ஆராய்ந்து, 'அடியிலேயே நிற்கும் கூட்டம்' என்று எழுதியிருந்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டுரைதான். அக்கா அறுத்துப் பார்த்தார். நெட்டு வெட்டில் சார் சொன்னது சரி, பை சூல்தண்டின் அடியோடு நின்றுவிட்டது. குறுக்கு வெட்டில் நிற்கவில்லை. வட்டத்துக்குள் வட்டமாக ஏறிக்கொண்டே போனது. இரண்டு மொட்டும் இரண்டு கதை சொன்னன. அக்கா பழையபடி ஆனைகட்டி பஸ் ஏறினார். திரும்ப அறுத்தார். திரும்ப அதே.

சார் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. மே மாதம் சார் ஓய்வு பெறுகிறார். ஜூனில் அக்காவின் விடுப்பு முடிகிறது. புதிய வழிகாட்டி, புதிய தலைப்பு என்றெல்லாம் போனால் பள்ளிக்கூடம் இன்னொரு தடவை விடாது. இத்தனையும் ஒரு பச்சைப் பூவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"அந்த அத்தியாயத்தை எடுத்துப்போடும்மா" என்றார் சார்.

"ஒருக்கா ஸ்லைடைப் பாத்துருங்க சார்."

சார் எழுந்து வந்து, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்தார். "சாயம் தூக்கலா இருக்குது. ஒண்ணும் தெளிவில்லை."

அக்கா சாயத்தைக் குறைத்து வேறு ஸ்லைடு போட்டார். "சாயம் பத்தலை" என்றார் சார். அடுத்த தடவை, "அறுத்தது கிழிஞ்சிருக்குது." அதற்கடுத்த தடவை கோபமாகவே, "முப்பது வருசத்துக்கு முன்னாலயே அது எங்க இருக்கோணுமோ அங்க வெச்சுப்போட்டேன். நீங்க வந்து எடுத்து வேற ஊட்ல வெப்பீங்களா?" என்றார். அக்கா ஸ்லைடுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் கையில் கண்ணாடிகள் கிலுகிலுத்தன. 

எனக்கு ரத்தம் கொதித்தது. செல்லப்பிள்ளைக்கு ரத்தம் கொதிப்பதில் ஒரு சௌகரியம், வெளியே தெரியாது.

"அக்கா, எனக்கு நல்லாத் தெரியுது. நீங்க இன்னாருங்கறதுனாலதான் சார் இப்படிப் பண்றாரு. நானா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாரு."

அக்கா மறுக்கவில்லை. "இருக்கலாமுங்க. அப்படியும் இருக்கலாம். ஆனா அது நெட்டு வெட்டு" என்றார். "இன்னும் குறுக்க பாக்கலீங்க."

மறுநாள் அக்கா சாரை இன்னொரு தடவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். மைக்ரோஸ்கோப் தயாராக இருந்தது. சார் குனிந்தார். நான் பக்கத்தில் பவ்யமாக நின்றேன். அப்போது ஸ்லைடின் ஓரம் என் கண்ணில் பட்டது. லேபிள் தலைகீழாக இருந்தது.

என் லேபிள். என் மாங்கொழுந்து.

 அக்கா ஸ்லைடை மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்து, சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"இது பரவால்லை, நல்லா வந்திருக்குது" என்றார் சார், கண்ணை எடுக்காமல். "பை அடியிலயே நிக்குது பாரு. நான் சொன்னதுதான்."

"சரிங்க சார்" என்றார் அக்கா.

சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்கு நடந்தார். விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். அக்கா மைக்ரோஸ்கோப் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அது மாமரம்!"

"ஆமாங்க."

"சாருக்குக் கண்ணு..."

"கத்தாதீங்க." கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இந்தச் சின்னக் குமிழ் இருக்குதுல்லீங்க. ஒருத்தர் பாத்துட்டுப் போனா அடுத்த ஆளு இதைத் திருப்பாம பாக்க முடியாது. அவங்கவங்க கண்ணு வேற. உங்களுக்கு வெச்சது எனக்கு மங்கும். சார் பாத்துட்டுப் போனப்பெல்லாம் நான் பொறகால பாத்தேனுங்க. நான் வெச்சது வெச்சபடியே எனக்குத் தெளிவா இருந்துச்சு. அவரு குமிழைத் தொடவே இல்லை. ரொம்ப நாளா அவரு பாக்கறதே இல்லீங்க, குனியறாரு அவ்வளவுதான்."

எனக்குள் ஒரு பட்டாசுக்கட்டே வெடித்தது. "விடுங்கக்கா! நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிப்போடலாம். மாமரத்தைப் புல்லுருவின்னாருன்னு தெரிஞ்சா அவரால வாயைத் திறக்க முடியுமா?"

"நீங்களும்தான் சொன்னீங்க. வாயைத் திறந்துட்டுத்தானே இருக்கறீங்க?"

நான் மூடினேன்.

"கண்ணு தெரியலைன்னு சொல்லி நான் ஜெயிச்சா, ஊரே சாரைப் பத்திப் பேசுமுங்க. அந்தச் செடி எந்தக் குடும்பமுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்குச் செடிதான் வேணும். யாருகிட்டயாவது மூச்சு உட்டீங்கன்னா, தம்பின்னு பாக்கமாட்டேன்."

அக்கா கையில் பிளேடு இருந்ததால் நான் சத்தியம் செய்தேன்.

சமர்ப்பிப்பதற்கு முன்னால் துறைக்கூட்டத்தில் ஆய்வை விளக்கவேண்டும். அதுதான் கடைசி வாய்ப்பு. அக்கா அதுவரைக்கும் ஆய்வுக்கூடத்துக்கே சரியாக வரவில்லை. விட்டுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. சார் என்னிடம் இரண்டு தடவை, "அந்தம்மா எங்கடா?" என்று கேட்டார். கூட்டத்தன்று காலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதற்குள் போர்வை சுற்றிய ஒரு பெரிய பொருள், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அக்கா.

"என்னங்க இது, சீர்வரிசையா?" என்றார் மாரண்ணன், ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே.

போர்வையை எடுத்தபோது அறையில் ஒரு சலசலப்பு. குறுக்கு வெட்டு ஒவ்வொன்றையும் அக்கா பெரிதாக்கி வரைந்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பியிடம் பெட்டி அட்டைகளை வாங்கி, அந்த வடிவத்துக்கே வெட்டியிருந்தார். ஒவ்வோர் அட்டையிலும் பை இருக்கும் இடத்தில் ஓட்டை. அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கி, வீட்டுக்காரர் பட்டறையில் இரும்புக் கம்பி கோத்து நட்டு முடுக்கிக் கொடுத்திருந்தார். மேசைமேல் படுக்கவைத்த சூல்தண்டு, ஓர் ஆள் நீளம். அடிப்பக்கம் ஒரு கை நுழையும் அளவு துவாரம். சில அட்டைகளில் 'ஏற்றுமதித் தரம்' என்று அச்சடித்திருந்தது.

"இது ஆனைகட்டிச் செடியோட சூல்தண்டுங்க" என்றார் அக்கா. குரல் வறண்டிருந்தது. "இந்த ஓட்டைதான் கருப்பை ஏறிப்போற வழி. பேசறதுக்கு முன்னால சார் ஒருக்கா கையை உட்டுப் பாக்கோணுங்க."

"என்னம்மா, மாட்டு வைத்தியமா?" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நான் அவரைத் தோளோடு அழைத்துப்போய் மேசை முன்னால் விட்டேன். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டு உள்ளே கையை நுழைத்தார். மணிக்கட்டு போனது. அதற்குக் கொஞ்சம் மேலே போனது. நின்றது.

சார் முகம் மலர்ந்தது. "முட்டுது. இங்கதான் முடியுது. முப்பது வருசமா நான் சொல்றது!"

 மின்விசிறி மட்டும் கடகடவென்றது. நான் அக்காவைப் பார்த்தேன். முடிந்தது, என்று நினைத்தேன்.

"ஆமாங்க சார். நெட்டுக்கு அறுத்தா அங்கதானுங்க முடியும்" என்றார் அக்கா. "நானும் அப்படித்தான் மொதல்ல எழுதினேன். கையை எடுத்துறாதீங்க. இடது பக்கமா கொஞ்சம் சாய்ங்க."

சார் சாயவில்லை.  கையை உருவிக்கொண்டு வந்துவிட்டால் யாரும் அவரை ஒன்றும் கேட்க முடியாது. ஒரு நீளமான மூச்சு விட்டார். பிறகு மெல்ல இடது பக்கம் சாய்ந்தார்.

கை உள்ளே போனது. முழங்கை போனது. மடித்துவிட்ட சட்டைக்கை அட்டையில் உரச, தோள்வரை போனது. சார் கண்களை மூடிக்கொண்டார். கன்னம் அந்தப் பனியன் அட்டைமேல் படிந்திருந்தது.

"வளைஞ்சு போகுது" என்றார், தனக்குத்தானே. பிறகு, "இன்னும் போகுதும்மா. எனக்குக் கை எட்டலை."

"வளையற எடத்துல நெட்டு வெட்டு அதை உட்டுப்போடுதுங்க சார். முடிஞ்ச மாதிரி தெரியும். அது அக்கட்டால திரும்பி ஏறிட்டிருக்குது."

பின்வரிசையிலிருந்து ஒரு விரிவுரையாளர் எழுந்தார். சாருக்கு ஆகாதவர். "அட்டை யாரு வேணாலும் வெட்டலாமுங்க. ஸ்லைடைப் பாத்தீங்களா சார்? உங்க கண்ணால பாத்தீங்களா?"

சாரின் முகம் வெளிறியது. கை இன்னும் உள்ளேதான் இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்லைடெல்லாம் பக்கத்து மேசையில இருக்குதுங்க" என்று அக்கா குறுக்கே புகுந்தார். "மொத அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும். நீங்களே வந்து பாருங்க. எல்லாருமே பாருங்க. குமிழை மட்டும் அவங்கவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கோங்க."

எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த விரிவுரையாளர் இரண்டு தடவை பார்த்தார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் துறையில் அதற்குப் பெயர் ஒப்புதல்.

மறுநாள் சார் அறையில் கையெழுத்து. அக்கா வழக்கம்போல மேசைமுன் நின்றார். நான் டீயோடு கதவோரம். சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போடாமல், "எப்படிம்மா கண்டுபுடிச்சே?" என்றார். செடியைக் கேட்கவில்லை.

"குமிழுங்க சார். நீங்க தொடவே இல்லீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அப்பாருக்கு ஆபரேசன் பண்ணித்தான் ஒரு கண்ணே போச்சு. ரிட்டையர் ஆகற வரைக்கும் ஓட்டிப்போடலாம்னு பாத்தேன். மொட்டுக்குள்ள கரு பாக்கறவனுக்கு முன்னால நிக்கறவன் மொகம் தெரியலைன்னா சிரிக்கமாட்டாங்களா?"

அக்கா மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "காலு வலிக்குதுங்க சார்" என்றார். "இப்பெல்லாம் ஆபரேசன் நல்லாப் பண்றாங்க. என்ற மாமியாருக்குப் பண்ணினது. கையெழுத்து எங்க போடோணுமுன்னு நான் காட்டட்டுங்களா?"

சார் கொஞ்ச நேரம் நாற்காலி இருந்த திசையைப் பார்த்தார். "காட்டும்மா" என்றார்.

அக்கா டாக்டர் ஆனார். சார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகவே இருந்தார். என் ஆராய்ச்சி ஆவியாகிப் போனது, தக்கை சரியில்லை. இப்போது பல்லடத்தில் கோழித்தீவனம் விற்கிறேன். கோழிகள் எந்தக் குடும்பம் என்று யாரும் கேட்பதில்லை.

கையெழுத்து வாங்கிய அன்று சாயங்காலம், கல்லூரி வாசலில் கணபதி பஸ்ஸுக்கு நின்றோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"சார் நல்லவருதானுங்கக்கா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். பாவம், கண்ணுதான்."

"ஒரு வெட்டுல கண்ணு தெரிஞ்சுதுங்க" என்றார் அக்கா. "இன்னொரு வெட்டுல நாற்காலி தெரிஞ்சுது. ரண்டும் ஒரே மொட்டுதான் தம்பி."

பஸ் வந்துகொண்டிருந்தது. பாராட்டு வாங்காமல் அவரை அனுப்ப எனக்கு மனசில்லை. "நானும் ஒருத்தருகிட்டக்கூட மூச்சு உடலைங்க, பாத்தீங்களா? அவ்வளவு கமுக்கமா இருந்தேன்."

அக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, முதல் தடவையாக என்னைக் குறுக்கே பார்த்தார்.

"ரண்டு வருசமா அவரு கை உங்க தோளு மேலதானுங்க இருந்துச்சு. உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"